சர்க்கரை போட்ட மோர்

என்னங்க, முட்டி வலி தேவலையா? மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறீர்களா? இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

போன வாரம் நான் சமைக்கிற ஓட்டலில் உலக உணவு விழா. உலகமாவது மண்ணாங்கட்டியாவது! ஒரே அண்டாவில் நான் வைத்த சூப்பை ஏழு கிண்ணங்களில் ஊற்றி, ஏழு நாட்டுக் கொடிகளைக் குத்தினார்கள். வந்த பெரிய மனிதர்கள் ஒவ்வொன்றையும் உறிஞ்சிக் கண்ணை மூடி, "ஆகா, அந்த நாட்டு மண்வாசனையே வருது!" என்றார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?

மேனேஜர் என்னிடம், "உங்க ஊர் பானம் ஏதாவது கலக்கும்மா" என்றார். நீங்கள் செய்வது போலவே இஞ்சி தட்டிப் போட்டு மோர் கலக்கினேன். ஒரு கோட்டுக்காரர் வாயில் வைத்ததும், "கெட்டுப்போச்சு" என்று திருப்பி அனுப்பினார். மேனேஜர் சர்க்கரை டப்பாவை நீட்டினார். அள்ளிப் போட்டேன். அதே ஆள் மூன்று தம்ளர் குடித்துவிட்டு, "இதுதான் அசல்!" என்றார். நாக்கா அது, செருப்புத் தோலா?

அடுத்து எனக்கு அனுப்பும் பார்சலில் மோர்மிளகாய் கொஞ்சம் வையுங்கள். மோருக்கு இஞ்சி எவ்வளவு, உப்பு எவ்வளவு என்றும் எழுதுங்கள். மிச்சமிருந்த சர்க்கரை மோரை நானும் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருக்கிறது.

அண்டா பொங்குகிறது, ஓடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி