ஷட்டிலில் ஒட்டியிருந்த சந்தனம்

என் சண்டைக்கார அக்காவுக்கு,

நல்ல செய்தியோடுதான் எழுதுகிறேன். உன் தையல் மிஷின் ஓடுகிறது. ஓட்டியது நான். "உன் கைக்கு இது அடங்காதுடி" என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னாயே, இப்போது என்ன சொல்வாய்?

ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து நான் வரும்போதெல்லாம் அதன் பக்கத்தில்கூட விடமாட்டாய். வட்ட பாபின் போடும் என் மிஷின் உனக்குப் பொம்மை மிஷின். உன்னுடையதோ வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். விரல் நீளத்துக்கு மெலிந்த பாபின், அதைப் படுக்கவைக்கப் படகு போல ஒரு ஷட்டில். அதில் நூல் கோக்க உனக்கு மட்டும்தான் வரும் என்று தெருவெல்லாம் பெருமையடித்தாய். அப்படியே எனக்கும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம் இல்லையா?

நீ போனபிறகு உன் மகள் கவிதா அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டாள். இப்போது அவர்கள் திருவேற்காட்டில் புது ஃப்ளாட்டுக்கு வந்துவிட்டார்கள், அது உனக்குத் தெரியாது. வந்த இடத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு யோசனை. மிஷினின் தலையைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டு, இரும்புக் காலின்மேல் ஒரு கல்லை வைத்து, கை கழுவும் பேசின் பொருத்துவதாம். இப்போது எல்லா வீட்டிலும் அதுதான் ஃபேஷனாம்.

"ஓடாத மிஷின்தானே சின்னத்தை. இப்படியாவது அத்தை ஞாபகமா இருக்கட்டுமே" என்றார். கெட்ட எண்ணம் இல்லை அவருக்கு. எனக்குத்தான் பொறுக்கவில்லை. நீ குனிந்து உட்கார்ந்து தைத்துக் கவிதாவைப் படிக்கவைத்த இடத்தில் ஆளாளுக்கு வாய் கொப்பளித்துத் துப்புவார்களா?

"ஓடினா?" என்று கேட்டேன்.

"ஓடினா அப்படியே இருக்கட்டும். ஞாயித்துக்கெழம பேசின் வைக்க ஆள் வராரு. அதுக்குள்ள ஒரு தலகாணி உறை தெச்சுக் காட்டிடுங்க, நான் வாயே தொறக்கல."

மறுநாள் ஷட்டிலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மெட்ரோ வேலைப் புழுதியைத் தின்றபடி பூந்தமல்லிக்குப் போனேன். மிஷின் ரிப்பேர் கடைக்காரர் அதை இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தார். "இன்னா யக்கா, இத்த எங்கேர்ந்து புட்ச்சுகினு வந்த? இதுக்குப் பார்ட்ஸே கெடைக்காது. பேசாம ஊட்ல அழகுக்கு வெச்சுக்க" என்றார். அழகுக்காம். கோபத்தில் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவரிடம்கூடப் பேசவில்லை.

சனிக்கிழமை காலையிலேயே கவிதா வீட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன். முதலில் பாபினில் நூல் சுற்ற வேண்டும். சுற்றும் சக்கரத்தில் இருந்த ரப்பர் வளையம் தொட்டதும் தூளாகிவிட்டது. வீட்டைக் குடைந்ததில் தண்ணீர் ஃபில்டரின் பழைய ரப்பர் வளையம் ஒன்று கிடைத்தது. மாட்டினேன், கச்சிதமாக உட்கார்ந்தது. ஊசி ஆடாமலிருக்கக் கைச்சக்கரத்தின் திருகைத் தளர்த்திவிட்டு, பெடலை மிதித்தேன். நூல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி ஆடி, மேடுபள்ளம் இல்லாமல் பாபினில் ஏறியது. பாதி ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஷட்டில்தான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. பாபினை உள்ளே போட்டு, நூலைப் பிளவு வழியாக இழுத்து, நூலை அழுத்திப் பிடிக்கும் சின்ன இரும்புப் பட்டைக்கு அடியில் நுழைக்க வேண்டும். நூல் நுழையவே மாட்டேன் என்றது. அப்படியே தைத்துப் பார்த்தேன். மேலே தையல் நன்றாகத்தான் தெரிந்தது, துணியைத் திருப்பினால் கீழே ஒரே சிக்கல். பிரித்தேன், தைத்தேன், மறுபடி பிரித்தேன். மாப்பிள்ளை போனில் பேசிக்கொண்டே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஷட்டிலை பால்கனி வெளிச்சத்துக்கு எடுத்துப் போனேன். பட்டைக்கு அடியில் மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. ஊசி முனையால் சுரண்டினேன், பொடியாக உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்.

"கவிதா, இதுக்குப் பொட்டு வெச்சியா?"

"ஆமா சித்தி. அம்மா போனதுலேர்ந்து ஆயுத பூஜைக்கு நான்தான் வெக்கறேன். மிஷினு, கத்திரி, ஷட்டில், எல்லாத்துக்கும். ஏன்?"

நீ பூஜைக்கு முன்னால் ஷட்டிலைக் கழற்றி எண்ணெய்த் துணியில் சுற்றித் தனியாக வைத்துவிடுவாய். பொட்டு மிஷினின் தலைக்கு மட்டும்தான். அதைப் பார்த்துவிட்டு, ஷட்டிலுக்கு மட்டும் சாமி இல்லையா என்று நான் உன்னைக் கேலி செய்திருக்கிறேன். பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? மற்ற நாளெல்லாம் துணியை விலக்கக்கூட மனசு வராதவள், அந்த ஒரு நாள் மட்டும் துணிந்து விலக்கி, உன்மேல் இருந்த அன்பையெல்லாம் சேர்த்துக் கெட்டியாக அப்பியிருக்கிறாள்.

"இவ்ளோ பக்திய இந்தச் சின்ன ஷட்டில் தாங்குமாடி?" என்றேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழவும் செய்தாள்.

சுத்தமாகச் சுரண்டி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். நூல் வழுக்கிக்கொண்டு பட்டைக்கு அடியில் போனது. இழுத்துப் பார்த்தேன், லேசாகப் பிடித்துப் பிடித்து வந்தது. ஷட்டிலை அதன் இடத்தில் போட்டு, மேல்நூலைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை என் பக்கமாகத் திருப்பினேன். அடிநூல் வளையமாக மேலே வந்தது, அக்கா. அப்புறம் நான் எங்கே நிறுத்தினேன்?

சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள் கவிதா. "அம்மா உள்ள உக்காந்து தெய்க்கிற மாதிரியே இருக்கு சித்தி" என்றாள். மேஜைமேல் உள்ளங்கையை வைத்து, அதன் அதிர்வு நிற்கும்வரை எடுக்கவேயில்லை.

தைத்து முடித்த தலையணை உறையை மாப்பிள்ளை மடியில் போட்டேன். திருப்பிப் பார்த்தார், இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார். "அண்ணே, நாளைக்கு வராதீங்க. மிஷின் ஓடுதுண்ணே." அடுத்த நிமிஷமே ஆபீஸ் பேண்ட்டோடு வந்து நின்றார், அதன் கால் ஓரத்தை மடித்துத் தைக்க வேண்டுமாம். வரிசையில் வாங்க மாப்பிள்ளை என்றேன்.

ஏனென்றால் வரிசையில் முதல் ஆள் வேறு. கவிதா முழுகாமல் இருக்கிறாள். நீ பாட்டியாகப் போகிறாய். பிறக்கிற பிள்ளைக்கு முதல் சட்டை உன் மெல்லிய பருத்திப் புடவையில், உன் மிஷினில், நான் ஷட்டில் கோத்துத் தைப்பேன். இது சத்தியம். தையல் நேராகத்தான் இருக்கும். நீ வந்து திட்டுவாய் என்றால் மட்டும் சொல், வேண்டுமென்றே ஒன்றைக் கோணலாகப் போடுகிறேன்.

இந்த ஒரு தடவை உன்னை ஜெயித்துவிட்ட,
உன் தங்கச்சி விஜயா