ஒரு கிடா விலையில் ஒரு மடக்குக் கத்தி

என் பாவாயிக்கு,

நீ போன பிறகு எனக்கு எல்லாமே நறுக்கித்தான் வருகிறது. பக்கத்துக் காட்டு ராசம்மா தினமும் தூக்குப்போசியில் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைக்கிறாள். முருங்கைக்காய் விரல் நீளத்துக்கு, வெங்காயம் பொடிப்பொடியாக, கொய்யாப்பழம்கூடத் துண்டு துண்டாக. நம் மரத்துக் கொய்யாவைத்தான் பறித்துக்கொண்டு போய் அறுத்து எனக்கே திருப்பிக் கொண்டுவருகிறாள். எல்லாம் நம் மகள் கவிதாவின் ஏற்பாடு. நேற்று வரைக்கும் நம் வீட்டில் அறுக்க ஒன்றும் கிடையாது. அரிவாள்மனை, கொடுவாள், உன் பாக்குவெட்டி, நான் முகம் மழிக்கிற பிளேடு வரைக்கும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி சூரமங்கலத்தில் இருக்கிற தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தாள்.

ஏன் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் உன்னிடம் ஒரு கேள்வி. ஒரு கிடா விலை கொடுத்து ஒரு மடக்குக் கத்தி வாங்கலாமா?

சிரிக்காதே. இதைப் படிக்கிற மற்றவர்களும் சிரிக்கத்தான் செய்வார்கள். செத்துப்போனவளிடம் போய்க் கத்தி வாங்கலாமா என்று கேட்கிறானே, கிழவனுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்பார்கள். நான் வேறு யாரிடம் கேட்பது? தீப்பெட்டி வாங்குவதென்றாலும் உன்னைக் கேட்டுத்தானே வாங்கினேன். நீ என்ன சொல்வாய் என்பதும் தெரியும். "ஏனுங்க, கத்தியைத் தங்கத்துல பண்ணுனாலும் கத்திரிக்காய் ருசி மாறிருமாக்கும்?" என்பாய்.

படிக்கிறவர்களுக்காக என் வலது கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தபோது, இரும்புப் பைப் நழுவிக் கைமேல் விழுந்தது. கட்டைவிரலைத் தவிர மற்ற விரல்களை எடுத்துவிட்டார்கள். அதோடு ரிக் வேலை போயிற்று. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில், வீடும் மானாவாரி நிலமுமாக இருக்கிற இந்தக் காட்டுக்கே திரும்பி வந்தேன். நீ அழவில்லை. "ஒரு கை போனா என்னுங்க? நம்ம ரெண்டு பேருக்கும் சேர்த்து மூணு இருக்குதுல்ல" என்றாய்.

அன்றிலிருந்து நான் பிடிப்பேன், நீ அறுப்பாய். மூட்டையின் தையல், ஆட்டுக்குத் தழை, கட்டுக் கயிறு, எதுவானாலும் அப்படித்தான். எப்போதாவது நான் அறுக்க வேண்டியிருந்தால் நீ பிடித்துக்கொள்வாய். அப்போதும் கத்தியைக் கையில் தரமாட்டாய். தரையில் வைப்பாய், நான் குனிந்து எடுத்துக்கொள்ள வேண்டும். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்பாய். எத்தனை அவசரமானாலும் ஒருநாளும் நீ கையில் தந்ததில்லை. ஆனாலும் நாம் போடாத சண்டையா? அதைச் சொல்லிக்காட்டினால், "கையில குடுத்திருந்தா இன்னும் பெருசா வந்திருக்குமுங்க" என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பாய்.

அப்புறம் நீ போய்விட்டாய். காய்ச்சல் என்று படுத்தாய், ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றித்தான் உன்னைக் கொடுத்தார்கள். உன்னைக் குழிக்குள் இறக்கும்போது, "என்னையும் சேர்த்து மூடிருங்க" என்று நான் கத்தினேனாம். எனக்கு நினைவில்லை. கவிதாவுக்கு நினைவிருக்கிறது.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அப்படித் தோன்றாமல் இல்லை, பாவாயி. விடிந்தாலே பயமாக இருக்கிறது. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழிக்கிறேன், பாதிப் பால் சட்டையில் போகிறது. ஒருநாள் ஆட்டுப்பட்டியில் தீவன மூட்டையின் தையலைப் பிரிக்க முடியாமல் அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டேன். எதிரே ஆடுகள் பசியோடு கத்துகின்றன. வாய்க்கும் மூட்டைக்கும் நடுவில் இருப்பது ஒரு நூல்தான், அதை அறுக்க இந்த வீட்டில் இன்னொரு கை இல்லை. இந்த உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வாய்விட்டுக் கேட்டேன். ஆடுகளைத்தான் கேட்டேன், வேறு யார் இருக்கிறார்கள்?

அதனால்தான் சந்தையில் ஒரு மலிவான மடக்குக் கத்தி வாங்கினேன். வீட்டில் என்றால் சாதாரணக் கத்தியே போதும், எதன்மேலாவது வைத்து அழுத்தி அறுத்துவிடலாம். காட்டுக்குள் கொடுவாளை இடுப்பில் செருகிக்கொண்டு ஒற்றைக் கையோடு குனிந்து நிமிர எனக்குப் பயம். மடக்கின கத்தி பைக்குள் பேசாமல் கிடக்கும். ஆனால் அந்தச் சந்தைக் கத்தியை விரிக்க இரண்டு கை வேண்டும். ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கை நகத்தால் அலகை இழுக்க வேண்டும். நான் பல்லால் இழுத்தேன்.

சுட்டியை நீ மறந்திருக்கமாட்டாய். தாய் ஆடு சேர்க்காமல் தள்ளிவிட்ட குட்டி, நீ பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தது. இப்போது பெரிய ஆடாகிவிட்டது, கொழுப்பு மட்டும் குறையவில்லை. ஒரு மத்தியானம் கொய்யாமரத்தடியில் கிடக்கிற கல்குவியலில் ஏறித் தழைக்குத் தாவியிருக்கிறது. கழுத்துக் கயிறு கிளையின் கவட்டையில் மாட்டிக்கொண்டது, காலடியில் கல் சரிந்தது. நான் ஓடிப்போனபோது அந்தரத்தில் உதைத்துக்கொண்டிருந்தது.

என் தோளை அதன் வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினேன். இடது கையால் கத்தியை எடுத்து, பல்லால் விரித்து, நைலான் கயிற்றை அறுத்தேன். பாதி அறுபட்டபோது அந்தச் சனியன் பிடித்த கத்தி பட்டென்று மடங்கி என் விரல்மேலேயே இறங்கியது. விடவில்லை. ரத்தத்தோடு மறுபடியும் விரித்து அறுத்தேன். கயிறு விட்டது. சுட்டி விழுந்து எழுந்து ஒரு தும்மல் போட்டுவிட்டுப் பக்கத்துச் சோளக்காட்டுக்குள் ஓடிப்போயிற்று. நான் கல்மேல் உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

அந்த நேரம் பார்த்துக் கவிதா வந்து சேர்ந்தாள். அவள் கண்ணில் என்ன பட்டிருக்கும் என்று நினைத்துப் பார். மரத்தில் அறுந்த கயிறு. கீழே கத்தி. அப்பன் வேட்டியெல்லாம் ரத்தம்.

"அப்பா! என்னுங்கப்பா பண்ணுனீங்க?"

"ஆடு" என்றேன்.

"எந்த ஆடுங்கப்பா? எங்க இருக்குது ஆடு?"

திரும்பிப் பார்த்தேன். ஆட்டையும் காணோம், ஒரு புழுக்கையையும் காணோம். உன் மகள் என்னைக் கட்டிக்கொண்டு கதறிய கதறலை நீ கேட்காமல் போனதே நல்லது. அன்றைக்கே சாக்கைக் கட்டினாள், என்னையும் காரில் ஏற்றிக்கொண்டாள். பொழுது சாய்ந்ததும் சுட்டி அறுந்த கயிற்றோடு தானாகத் திரும்பி வந்ததாம். ராசம்மா போனில் சொன்னாள். நான் சொல்லிக்கொடுத்துத்தான் அவள் சொல்கிறாள் என்று கவிதா நினைத்துக்கொண்டாள். எனக்கும் கோபம் வந்துவிட்டது. பெற்ற அப்பனை நம்பாதவளிடம் என்ன விளக்குவது என்று வாயை மூடிக்கொண்டேன்.

சூரமங்கலத்தில் அவர்களுடைய ரயில்வே குவார்ட்டர்ஸில் என்னை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை ஒரு குறையும் வைக்கவில்லை. எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை, அவ்வளவுதான். ஜங்ஷன் பக்கம் சும்மா நடந்து போனபோதுதான் அந்தக் கடையைப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் கத்தியைத் தனியாக வைத்திருந்தார்கள்.

கடைக்காரர் அதை எடுத்து, ஒற்றைக் கையால், கட்டைவிரலால் ஒரு தள்ளுத் தள்ளினார். அலகு வெளியே வந்து 'டக்'கென்று நின்றது. அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. அதே கையால் லாக்கை அமுக்கி மடித்தார். அதே கையால், பாவாயி! நான் இடது கையில் எடுத்துச் செய்து பார்த்தேன். எனக்கும் வந்தது. விரித்தேன், மடித்தேன், மறுபடி விரித்தேன். "வெலைதான் கொஞ்சம் சாஸ்திங்கய்யா" என்று அவரே தயங்கிச் சொன்னார். கொஞ்சமா? ஒரு கிடா விலை.

அந்த விலையில் பாதி கம்பெனிப் பேருக்கும் பெட்டிக்கும்தான் என்று எனக்குத் தெரியும். நான் ஒன்றும் ஏமாளி இல்லை. இரண்டு கையும் நன்றாக இருக்கிறவன் அதை வாங்கினால் அது வெறும் பகட்டு. அவனுக்குச் சந்தைக் கத்தியே போதும். ஆனால் ரிக்கில் துளை போடுகிற முனையை, பிட்டு என்பார்கள், மலிவாக வாங்கி மாட்டிவிட்டு, பாறைக்குள் அது உடைந்து சிக்கி, போட்ட குழியையே கைவிட்டுவிட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பாறையில் இறங்குகிற சாமானுக்குக் காசு பார்க்கக் கூடாது. என் பாறை இப்போது ஒரு தீவன மூட்டையின் நூல்தான். இதை உன்னிடம் சொன்னால் புரியும். வேறு யாருக்குப் புரியும்?

ஆடுகளை விற்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி ஊருக்குத் திரும்பினேன். "ஆடி பொறக்கறதுக்குள்ள எல்லாத்தையும் குடுத்துட்டு வந்துருங்கப்பா. ஆடியில ஊடு மாறக் கூடாது" என்று கவிதா கண்டிப்பாகச் சொல்லித்தான் அனுப்பினாள். அங்கே போனால் செத்துவிடமாட்டேன். ஆனால் உயிரோடு இருப்பதற்கு அங்கே எனக்கு என்ன இருக்கிறது? இங்கேயே இருக்கலாம் என்றால், நறுக்கி வருவதைத் தின்றுகொண்டு எத்தனை நாள்? நாலு பக்கமும் அடைத்துப்போட்ட மாதிரி இருந்தது.

ஒரு கிடாவை விற்றேன். பணத்தை மடியில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கடைக்காரர் கத்தியை எடுத்து வைத்தார். நான் பணத்தை அவிழ்த்தேன், அதோடு நின்றுவிட்டேன். இதை வைத்துக்கொண்டு நான் காட்டில் தனியாக இருக்கிறேன் என்று தெரிந்தால் கவிதாவுக்கு ஒரு வாய் சோறு இறங்குமா? ஒளித்து வைப்பதற்கா ஒரு கிடா விலை கொடுப்பது? கத்தியை அங்கேயே வைத்துவிட்டு மகள் வீட்டுக்கு நடந்தேன்.

"கண்ணு, எனக்கொரு கத்தி வேணும். ஜங்ஷன் கடையில பார்த்து வெச்சிருக்கறேன்."

கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தாள். "எதுக்குங்கப்பா?"

"அறுக்கறதுக்குத்தான்."

"எதை?"

அந்த ஒரு வார்த்தையில் இருந்த நடுக்கத்தைக் கேட்டதும் என் வீம்பெல்லாம் இறங்கிவிட்டது.

"நெசத்தைச் சொல்லீர்றேன் சாமி. உங்கம்மா போனதுலிருந்து எனக்கு இருக்கப் புடிக்கலை. அது நெசம். ஆனா அன்னைக்கு அது இல்லை. அன்னைக்கு ஆட்டைக் காப்பாத்தத்தான் அறுத்தேன்."

"அப்பறம் ஏனுங்கப்பா உக்காந்து அழுதீங்க?"

"அது பொழைச்சுக்கிச்சு. அதுக்குத்தான் அழுதேன்."

அவள் எழுந்து சமையலறைக்குள் போனாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே வந்து சோறு போட்டாள், பஸ் ஏற்றிவிட்டாள், கத்தியைப் பற்றிப் பேச்சே இல்லை. பணம் மடியிலேயே இருந்தது. முடிந்துபோயிற்று என்று நினைத்தேன். ஊருக்கு வந்ததும் ஆட்டு வியாபாரிக்கு, திங்கட்கிழமை வந்து எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். சுட்டியையும்தான். அதைச் சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. கவிதா வந்தாள். காரிலிருந்து அந்தச் சாக்கை இறக்கினாள். உள்ளே அரிவாள்மனை சத்தம் கேட்டது. அப்புறம் பையிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துத் திறந்தாள். அதே கத்தி.

"கடைக்காரரு சொன்னாருங்கப்பா. ஒரு கையில்லாத பெரியவரு, பணத்தை எடுத்தவரு, என்னமோ நெனைச்சுக்கிட்டு அப்படியே வெச்சுட்டுப் போயிட்டாருன்னு."

எடுத்து என் பக்கம் நீட்டினாள். எனக்குப் பழக்கம் விடுமா? "கீழ வை சாமி, நான் எடுத்துக்கறேன்" என்றேன்.

"இல்லைங்கப்பா. கையிலயே வாங்குங்க."

"சண்டை வரும் கண்ணு. உங்கம்மா..."

"வந்தா வரட்டுமுங்க. எங்கூடச் சண்டை போடறதுக்காச்சும் நீங்க இருக்கோணும்."

வாங்கிக்கொண்டேன், பாவாயி. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக ஒரு கத்தியைக் கையில் வாங்கினேன். அவள் என் கையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "இருக்கப் புடிக்கலைன்னு தோணுச்சுன்னா, எந்நேரமா இருந்தாலும் மொதல்ல எனக்குப் போன் பண்ணோணும்" என்று சத்தியம் வாங்கினாள். நான் ஒற்றைக் கையால் கத்தியை விரித்து, தீவன மூட்டையின் நூலை அறுத்துக் காட்டினேன். ஒரே இழுப்பில் அறுந்தது. சுட்டிதான் முதலில் வந்து தலையை உள்ளே விட்டது.

அரை மணி நேரம் போகவில்லை, சண்டை வந்துவிட்டது. ஆட்டில் பாதியையாவது விற்றுவிடுங்கள் என்றாள். ஒரு குட்டியைக்கூடத் தரமாட்டேன் என்றேன். வியாபாரிக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்று சொல்லும்போதும் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். அப்படியே உன் குரல். நீ சொன்னது சரிதான், ஒத்துக்கொள்கிறேன்.

நாளைக்கு விடியும்போது பயம் வரத்தான் செய்யும். கத்தியால் அதை அறுக்க முடியாது. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன்: அந்தப் பயம் வருகிற அன்றைக்கெல்லாம் உன் மகளைக் கூப்பிடுவேன். கூப்பிட்டு, பேச ஒன்றும் இல்லாவிட்டால், சண்டையாவது போடுவேன்.

மூன்றில் மிஞ்சிய ஒற்றைக் கையோடு,
உன் வீட்டுக்காரன்