முதல் தண்ணீர் முடிந்துவிட்டது, குணேசு

உட்துறைமுக வீதி,
திருக்கோணமலை.
14.08.2025, வியாழக்கிழமை.

அன்புள்ள தங்கச்சி குணேஸ்வரிக்கு,

அன்புள்ள என்ற சொல்லைக் கடிதத்துக்கு வைக்கவேண்டிய மரியாதைக்காக வைத்திருக்கிறேன், அதற்குள் வேறு ஒன்றையும் தேடாதே. நாங்கள் இங்கே சுகம், நீயும் அங்கே சுகமாயிருக்கக் கோணேசரை வேண்டுகிறேன் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் நீ எங்கள் பொறுப்பில் விட்டுப்போன உன் மகள் கௌசிகா நாலு நாள் காய்ச்சலில் கிடந்து முந்தநாள்தான் எழும்பியிருக்கிறாள், ஆனபடியால் சுகம் என்ற சொல் இந்த முறை என் கையிருப்பில் இல்லை. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். சனிக்கிழமை ஒன்பது தடவை எடுத்தேன், முதல் தடவை கத்தினாய், மிச்சம் எட்டுத் தடவையும் வெட்டினாய். கடிதத்தை வெட்டுகிற பொத்தானைக் கட்டாரிலும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். பார்மசி றஊப்பின் மச்சான் நாளையின்றைக்குத் தோஹாவுக்கு ஏறுகிறார், இதை உன் கையில் தந்துவிட்டு, நீ கடைசி வரி வாசிக்கும்வரை பக்கத்தில் நிற்கவேண்டும் என்று அந்த மனிசனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடு.

முதலில் நீ யாருடைய மூக்கில் கயிறு கட்டப் பார்த்தாய் என்று உனக்கு நினைவூட்டவேண்டும். நாற்பதாயிரம் தொன் கோதுமைக் கப்பலை, அதன் கப்டன் ஐயோ ஐயோ என்று அழ அழ, ஒற்றைக் கயிற்றில் இழுத்துவந்து கரையில் கட்டுகிற இழுவைப் படகுக்காரன் நான். என் விசில் கேட்டால் சீனக்குடாவில் மீன்கள் வரிசையில் நிற்கும். அப்படிப்பட்டவனுக்கு நீ போனில் கட்டளை போட்டாய். கௌசி போன மாதம் இருபத்தொன்பதாம் திகதி செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தில் பெரியபிள்ளையாகி, ரீச்சர் வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றைக்கே உன் சட்டங்கள் வரத் தொடங்கின. உனக்கு இருபதாம் திகதிதான் லீவாம், இருபத்துநாலாம் திகதி ஞாயிறு மண்டபமாம், வீடியோக்காரன், பறந்து படம் எடுக்கிற பெட்டி, குதிரை வண்டி, எல்லாம் சொல்லியாயிற்றாம். தாய்மாமன் வார்க்கிற முதல் தண்ணீர் உன் கண்ணுக்கு முன்னால்தான் பிள்ளையின் தலையில் விழவேண்டுமாம், அதுவரை பிள்ளை பின் அறையைவிட்டு வரக்கூடாதாம், தலை முழுகக்கூடாதாம், உடம்பை ஈரத் துணியால் துடைத்தால் போதுமாம், கடை நப்கின் உடம்புக்குச் சூடாம், பழைய துணிதான் நல்லதாம். ஊரில் எல்லாரும் அன்றைக்கே வார்க்கிற தண்ணீரை நீ இருபத்தாறு நாள் தள்ளிவைத்தாய், உன் லீவுக்காக. என்னவோ அது கப்பல், நீ வந்து கை காட்டும்வரை வெளித் துறைமுகத்தில் நங்கூரம் போட்டு நிற்கட்டும் என்பது போல.

இந்தச் சட்டம் போட்டது யார்? தோஹாவில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவுப் பகுதிக்கு மேற்பார்வையாளர். கை கழுவ இருபது விநாடி வேண்டும், நகத்துக்குள் நாலு விநாடி, பெருவிரலுக்கு மூன்று விநாடி என்று சுவருக்குச் சுவர் படம் ஒட்டுகிறவள். போன வருடம் உனக்கு அதற்காகக் கிடைத்த சான்றிதழின் படத்தை எனக்கு அனுப்பினாய், நானும் படகில் இருந்த ஏழு பேருக்கும், இரண்டு கடற்படைக்காரருக்கும், ஒரு பிலிப்பைன் சமையல்காரனுக்கும் காட்டிப் பெருமைப்பட்டேன். உலகத்து நோயாளிகளுக்கு எல்லாம் கை கழுவக் கற்றுக்கொடுத்த நீ பெற்ற பிள்ளைக்கு அனுப்பியது என்ன? எட்டுப் போத்தல் சென்ற். மணம் வந்தால் அதை அடித்துவிடச் சொன்னாய். என் மனிசி அன்னம் உன் பேச்சுக்குப் பயந்து காலை ஒரு போத்தலும் பின்னேரம் ஒரு போத்தலுமாக அடித்தாள், எங்கள் வளவில் இருந்த நுளம்பெல்லாம் பெட்டி படுக்கையோடு கிண்ணியாவுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. நான் அன்னத்தை ஏசினேன். அவள், "நான் என்ன செய்ய, நாளைக்குப் பிள்ளைக்கு ஏதும் ஒண்டெண்டால் மச்சாள் என்னைத்தானே சொல்லுவா, தான் இல்லாத நேரம் பாத்து எல்லாம் குழப்பிட்டாளெண்டு" என்று அழுதாள். பதினாறு வருடம் உன்னை நல்ல மச்சாள் என்று சொன்னவளை அழ வைத்தாய், அதையும் உன் கணக்கில் எழுதிக்கொள்.

என் கணக்கில் எழுதவேண்டியதும் ஒன்று இருக்கிறது, அதை மறைத்தால் என் வாய் அழுகிவிடும். ஆறாம் நாள், ஆடி வெக்கை, கச்சான் காற்று நெருப்பாய் அடிக்கிறது, பின் அறைக்கு யன்னலும் ஒன்றுதான், அதையும் பூட்டி வைத்திருக்கிறார்கள். நான் வேலையால் வந்து குசினிப் பக்கம் போகும்போது அந்த அறை வாசலில் நின்று, வழக்கம்போலப் பெரிய குரலில், "என்னப்பா, மீன் நாத்தம் அடிக்குது, நிலாவெளிக் கரைவலை எங்கட வீட்டுக்குள்ளயோ இழுக்கிறாங்கள்" என்று பகிடி விட்டேன். நீ என்னை அறிவாய், பகிடி விடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வழக்கமாக என் பகிடிக்கு இரட்டிப்பாய்த் திருப்பித் தருகிறவள், மாமா உங்கட சேர்ட்டைக் கடலுக்குள்ள போட்டால் மீன் செத்து மிதக்கும் என்று சொல்லுகிறவள், உள்ளேயிருந்து கதவை இழுத்துச் சாத்தினாள். அன்றிலிருந்து அவள் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள், அதிகம் குடித்தால் அடிக்கடி வெளியே போகவேண்டும், போனால் நான் கதிரையில் இருப்பேன், என் மூக்குக்கு முன்னால் நடக்கவேண்டும். இது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை காய்ச்சல் ஏறிவிட்டது. அன்னம் உடுப்பு எடுக்க அவளுடைய அலுமாரியைத் திறந்தாள், திறந்தவள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். பாவித்த துணிகளைக் கழுவி வெளியில் காயப்போட நீ விடவில்லை அல்லவா, பிள்ளை அரைகுறையாய் அலசி, ஈரத்தோடே மடித்து, பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் கீழே அடுக்கி வைத்திருக்கிறாள். அதையே திரும்பத் திரும்பப் பாவித்திருக்கிறாள். உடம்பெல்லாம் தோல் சிவந்து, இருக்கவும் ஏலாது நடக்கவும் ஏலாது. அப்போதுதான் உனக்குப் போன் எடுத்தேன். நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்காது. "அண்ணா, பொம்பிளையளின்ட விசயத்துக்குள்ள தலையப் போடாதேங்கோ, இன்னும் பதினைஞ்சு நாள்தானே, குளிசை ஒண்டக் குடுத்து வச்சிருங்கோ" என்றாய். பொம்பிளைகளின் விசயம். அந்த வீட்டில் இருந்த ஒரு பொம்பிளை அழுதுகொண்டிருந்தாள், ஒரு பொம்பிளை காய்ச்சலில் கிடந்தாள், மூன்றாவது பொம்பிளை போனை வெட்டினாள். மிச்சம் நான்தான் இருந்தேன்.

எங்கள் பகுதி மருத்துவ மாது பரீதா மிஸ்ஸை ஸ்கூட்டரோடே மறித்துக் கூட்டிவந்தேன். அவ அறைக்குள் போனா, யன்னலைத் திறந்தா, வெளியே வந்து என்னைப் பார்த்த பார்வையில் நான் ஆறடியிலிருந்து அரை அடியானேன். "என்ன அண்ணன் இது, புள்ளைய ஊறுகாயா போட்டு வச்சிருக்கீங்க" என்று கேட்டா. டொக்டரிடம் காட்டி மருந்து எடுத்தோம், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் ஆஸ்பத்திரியில் கிடத்தவேண்டி வந்திருக்கும் என்றார். மிஸ் அன்னத்தையும் என்னையும் முன்னால் இருத்தி, ஆஸ்பத்திரித் துப்புரவுக்காரியின் அண்ணனுக்கு, பாடம் எடுத்தா. நாலைந்து மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மாற்றவேண்டும், துணி என்றால் சவர்க்காரம் போட்டுக் கழுவி நல்ல வெயிலில் விரிக்கவேண்டும், வெயிலுக்கு வெட்கம் இல்லை, ஒவ்வொரு நாளும் குளிக்கவேண்டும், அந்த நாட்களில் இன்னும் கட்டாயம் குளிக்கவேண்டும், வெறும் தண்ணீர் போதும், சென்ற் கிட்டவும் வரக்கூடாது, தண்ணீர் நிறையக் குடிக்கவேண்டும். பாடத்தின் நடுவில் கௌசி உள்ளேயிருந்து, "மிஸ், நான் ஊத்தையா" என்று கேட்டாள். மிஸ் எழும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணித்தியாலம் உள்ளே இருந்தா. நான் வெளியே என் இரண்டு செவியையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு நான் நப்கின் வாங்கப் புறப்பட்டேன். சூறாவளியில் கயிறு எறிந்த கை இது, பார்மசிக் கதவைத் தள்ளமாட்டேன் என்றது. முதல் தரம் உள்ளே போனேன், மூன்று பேர் நின்றார்கள், தலையிடிக் குளிசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாம் தரம் போனேன், தெரிந்த வாத்தியார் நின்றார், திரும்பவும் தலையிடிக் குளிசை. மூன்றாம் தரம் றஊப், "என்ன சேகரம் அண்ணன், தலைக்குள்ள ட்ராக்டர் ஓடுதா" என்றான். அந்த ரோசத்தில்தான் எனக்கு வாய் திறந்தது, துறைமுகத்துக்கே கேட்கிற குரலில் என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டேன், வெளியே நின்ற ஓட்டோக்காரனும் திரும்பிப் பார்த்தான். றஊப் அதைப் பேப்பரில் சுற்றி, கறுப்புப் பையில் போட்டு, அதை இன்னொரு பையில் போட்டு, வெடிமருந்து கட்டுவது போலக் கட்டத் தொடங்கினான். வேண்டாமடாப்பா, சும்மா தா என்று வாங்கி, வெறும் கையில் பிடித்துக்கொண்டு வீதியால் நடந்து வந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. வானமும் இடிந்து விழவில்லை. இவ்வளவுதான் விசயம் என்றால் இத்தனை வருடம் எதற்கு இந்தப் பொம்பிளை ஆம்பிளைக் கதை என்று எனக்குக் கோபம் வந்தது, அந்தக் கோபத்தையும் உன்னிடமே அனுப்புகிறேன், வைத்துக்கொள்.

முந்தநாள் செவ்வாய்க்கிழமை காய்ச்சல் விட்டது. அன்னம் இளஞ்சூட்டில் தண்ணீர் வைத்தாள். நான் மாமன், செம்பை எடுத்துக்கொண்டு பெரிய ராசா மாதிரிக் கிணற்றடியில் நின்றேன், உன் வீடியோவும் குதிரையும் நாசமாய்ப் போக, நானே இப்போதே வார்க்கிறேன் என்று. கௌசி துவாயோடு வந்து என்னைப் பார்த்து, "மாமா, செம்பைத் தாங்கோ, நீங்கள் அங்கால திரும்பி நில்லுங்கோ" என்றாள். நான் வேலிப் பக்கம் திரும்பி நின்றேன். முதல் செம்பு விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அடுத்தது. பதினைந்து நாள் சேர்ந்த ஊத்தையெல்லாம் போகிற சத்தம் அது, கடலே ஒரு அடி உயர்ந்திருக்கும். நடுவில் அவள், "மாமா, இப்ப கரைவலைக்காரர் போயிட்டினமோ" என்று கேட்டாள். குணேசு, நான் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு, நான் விட்ட பகிடி பிழை, என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை என்றேன். அவள் இன்னொரு செம்பு ஊற்றினாள்.

ஆகவே இதுதான் செய்தி. நீ தள்ளிவைத்த முதல் தண்ணீர் முடிந்துவிட்டது, அதை மாமன் வார்க்கவில்லை, பிள்ளையே வார்த்துக்கொண்டாள். மண்டபத்துக்கு வரச் சம்மதமாம், நீ எடுத்த சிவப்புச் சாறியும் கட்டுவாளாம், ஆனால் சனத்துக்கு முன்னால் தன் தலையில் ஒருவரும் தண்ணீர் ஊற்றக்கூடாதாம். நானும் அவள் பக்கம். வீடியோக்காரனுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் அவன் தலையில் ஊற்றுகிறேன்.

உன்னில் எனக்கு உள்ள கோபம் இன்னும் ஆறவில்லை, ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று இரண்டு நாளாய் யோசித்ததில் ஒன்று அகப்பட்டது. நேற்றுக் கௌசி ஒரு கொப்பித் தாளில் கேள்விகள் எழுதினாள். ஆறு கேள்விக்கு மிஸ் பதில் சொல்லிவிட்டா. ஏழாவதை அவள் என்னிடம் கேட்டாள், உன்னை வளர்த்தவன் நான்தானே. அம்மாவுக்கு வந்த நேரம் அவவுக்கு ஆர் சொல்லிக் குடுத்தது என்று கேட்டாள். தொண்ணூறாம் ஆண்டு, சண்டைக்குப் பயந்து கிளிவெட்டியிலிருந்து ஓடிவந்து அந்தப் பள்ளிக்கூட முகாமில் கிடந்தோம், அம்மா செத்து ஒரு வருடம், உனக்குப் பதின்மூன்று, எனக்கு இருபது. நீ வாங்கிலில் இருந்து எழும்பமாட்டேன் என்று அழுதாய், எனக்கு விளங்கிற்று, நான் இடுப்பில் உடுக்கிற மாற்றுச் சாரத்தை உன்மேல் எறிந்துவிட்டுத் தண்ணீர் பவுசர் லொறிக்கு வரிசை நிற்கப் போகிறேன் என்று ஓடினேன். பின்னேரம் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து கதவடியில் வைத்துவிட்டுத் திரும்பவும் ஓடினேன். அதை நீ தலையில் ஊற்றினாயா, குடித்தாயா, எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த வகுப்பறைக் கரும்பலகைக்குப் பின்னால் என் சாரம் ஈரத்தோடே மடித்தபடி காய்ந்ததை நான் கண்டனான். கண்டும் காணாதவன் போல முப்பத்தைந்து வருடம் பகிடி விட்டுக்கொண்டு திரிந்தேன். சனிக்கிழமை அன்னம் அந்த அலுமாரியைத் திறந்தபோது எனக்கு அந்தக் கரும்பலகைதான் தெரிந்தது. உனக்கு ஒருவரும் தண்ணீர் வார்க்கவில்லை, அதனால்தான் மகளுக்குக் குதிரை வண்டியோடு வார்க்கப் பார்த்தாய். விளங்குகிறது. விளங்கினாலும் நீ செய்தது பிழை, நான் செய்தது அதைவிடப் பிழை.

கௌசிக்கு நான் பதில் சொல்லவில்லை, அம்மாவிடம் கேள் என்று சொல்லிவிட்டேன், முப்பத்தைந்து வருடத்தில் இரண்டாம் தரம் ஓடினேன். அவள் ஏழாவது கேள்வியைத் தன் கையால் இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறாள்.

நீ நோயில்லாமல், வெயில் படாமல், பத்திரமாய் வந்து சேர். கோணேசர் உன்னைக் காக்கட்டும், உன் வாயையும் கொஞ்சம் காக்கட்டும். வரும்போது சென்ற் ஒரு போத்தலும் பெட்டிக்குள் இருக்கக்கூடாது, கட்டுநாயக்காவில் நானே வந்து பெட்டியைக் கிண்டுவேன். வந்த அன்றைக்கு மண்டபக்காரனைப் பார்க்கப் போவதற்கு முன்னால் பிள்ளையோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இரு, அந்த மிஸ் இருந்தது போல ஒரு மணித்தியாலம். அவள் கேட்டதற்கு உள்ளதைச் சொல். அண்ணன் சாரத்தை எறிந்துவிட்டு ஓடினான் என்றே சொல். என்னைத் தப்ப விடாதே.

இப்படிக்கு,
உன்னை அரைகுறையாய் வளர்த்த அண்ணன்,
ஞானசேகரம்