தொதல் தட்டத்தின் மேல் குந்தினது ஆர்?

செவ்வாய்க்கிழமை, ஐப்பசி மாதம்.

எனக்கு எழுத வராது. ஃபோனுக்குச் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது.

எங்கள் நாட்டு அரசாங்கத்தோடு மனித உரிமை பற்றிப் பேச அடுத்த கிழமை நாங்கள் இப்போது இருக்கும் இந்த நாட்டிலிருந்து ஒரு குழு போகிறது. அதில் போகும் அதிகாரி அம்மா இன்று என்னையும் மகளையும் கூப்பிட்டுக் கதைத்தார். இந்தமுறை சிறைக்குள் போய் ஆட்களைப் பார்க்க விடுகிறார்களாம். தம்பியைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து நாங்கள் கேட்டது அதைத்தான்.

"தம்பியெண்டு வேற ஆளைக் கொண்டந்து காட்டினால்?" என்று கேட்டேன். மகள் அதைப் பிரெஞ்சில் சொன்னாள்.

"வெளியாக்களுக்குத் தெரியாத ஒண்டைச் சொல்லுங்கோவாம், அப்பா. அதைச் சித்தப்பாவிட்டக் கேப்பினமாம்."

"அக்காவின்ர கலியாணத்தண்டு தொதல் தட்டத்துக்கு மேல குந்தினது ஆரெண்டு கேக்கச் சொல்லு."

"ஆரப்பா?"

"நான்தான். வெறுங் கதிரையெண்டு நினைச்சிட்டன். வேட்டி முழுக்கத் தொதல்."

தொதல் என்றால் கையில் ஒட்டிப்பிடிக்கிற இனிப்பு என்று மகள் பிரெஞ்சில் விளக்கிச் சொல்ல, அதிகாரி அம்மாவும் சிரித்துவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாமல் என்னைக் கிணற்றடிக்கு இழுத்துப்போய்க் கழுவிவிட்டவன் தம்பி. இத்தனை வருடத்தில் எதை மறந்தானோ தெரியாது. இதை மறந்திருக்கமாட்டான். உயிரோடு இருந்தால், "என்ர அண்ணைதான்" என்று சொல்லி, அந்தச் சிறைக்குள்ளேயே ஒருமுறை சிரிப்பான்.