ரெசினுக்குள் வெந்த கிராஸ்ஓவர்

நவம்பர் 18, 2024

நேற்று இரணியலில் ஒரு நிச்சயதார்த்தம், மைக்செட் என்னுடையது. பாட்டு போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும், இடதுபக்க ஸ்பீக்கர் பாக்ஸின் பின்னாலிருந்து கருகிய வாடை. பந்தல் ஒயர்தான் எரிகிறது என்று பெண்ணின் அப்பா பந்தல்காரனைத் திட்டினார். நான் அந்த பாக்ஸை அணைத்தேன்.

இன்று கழற்றிப் பார்த்தேன். ஸ்பீக்கர் இரண்டும் நன்றாக இருக்கின்றன. கீச்சுச் சத்தத்தையும் கனத்த சத்தத்தையும் பிரித்து அனுப்புகிற கிராஸ்ஓவர்தான் போய்விட்டது. அதிலிருந்த வெள்ளை ரெசிஸ்டர் கறுத்து வெடித்திருந்தது. மேலே ஊற்றிக் கெட்டியாக இறுகிய ரெசின். கடலுக்குப் போகிற ஃபைபர் வள்ளத்துக்கு அடிக்கிற அதே ரெசின். கடற்காற்றில் செம்புக் கம்பி பச்சை பிடித்துவிடும் என்று அண்ணன் சொன்ன யோசனை அது. எல்லா பாக்ஸும் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்து சரிபாதியாகப் பிரித்துக்கொண்டவை.

புது ரெசிஸ்டர் போட்டு, மறுபடி ரெசின் ஊற்றி மூடினேன். ஜனவரியில் எங்கள் ஊரில் கரைத் திருவிழா. அண்ணன் கல்யாணமாகி மணவாளக்குறிச்சிக்குப் போனபோது, "கரைத் திருவிழா உனக்குத்தான் ஏட்டி, நான் அதுல தலையிட மாட்டேன்" என்றான். அது கைவிட்டுப் போனால் பிறகு என்னை யார் கூப்பிடுவார்கள்? பொம்பளைக்கு என்னத்துக்கு மைக்செட் என்று கேட்கிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

நவம்பர் 25

மறுபடி. இந்தமுறை வேறு பாக்ஸ். அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"ஆம்ப்ளிஃபயர்லதான் கோளாறு இருக்கும், மாத்திப் பாரு," என்றான். பிறகு, "ரெசின நல்லா மூடினியா? கடக்காத்து சும்மா விடாது பாத்துக்க."

மூடினேன் என்றேன்.

டிசம்பர் 1

ஆம்ப்ளிஃபயர் மாற்றியாயிற்று. கீச்சுச் சத்தத்துக்கான ட்வீட்டர் மாற்றியாயிற்று. ஜெனரேட்டரின் வோல்டேஜும் சரி. இன்னும் பெரிய ரெசிஸ்டர் போட்டேன் - அதுவும் கொதிக்கிறது. எனக்குத்தான் எதுவும் தெரியவில்லையோ?

டிசம்பர் 8

மாதா திருநாள். பூசையின் நடுவே, ஃபாதர் பிரசங்கம் வைத்துக்கொண்டிருக்கும்போதே புகை. முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

வெளியே வந்ததும் திருவிழாக் கமிட்டிச் செயலாளர் செல்வன் நேராக என்னிடம் வந்தார். "இன்னைக்கே இப்பிடின்னா, திருவிழாவுக்கு என்ன செய்யப் போற மோளே? நாங்க ஒண்ணு யோசிக்கணும்."

அண்ணனும் பூசைக்கு வந்திருந்தான். பக்கத்தில்தான் நின்றான். போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் என்னைப்போல் நாணக்கேடாக இருந்திருக்கும் என்று நினைத்தேன்.

டிசம்பர் 15

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எழுதிவிடுகிறேன்.

அண்ணனுடைய பாக்ஸ் மட்டும் ஏன் புகைவதில்லை, ஒன்றைத் திறந்து ஒத்துப் பார்த்தால் தெரியும் என்று மணவாளக்குறிச்சிக்குப் போனேன். அவன் வீட்டில் இல்லை. அண்ணன் மனைவி ரெனிஷா மைனிதான் ஷெட்டைத் திறந்துவிட்டாள்.

பின்பலகையைக் கழற்றினேன். ரெசினே இல்லை. உளி வைத்துக் கொத்திய தடம் மட்டும் பலகையில் இருந்தது. ரெசிஸ்டர் ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கி நிற்கிறது. காற்றுப் போக ஓட்டையும் போட்டிருக்கிறான்.

"அதா? பெப்ரவரில ஒரு பாக்ஸ் புகைஞ்சுதுல்லா, அதுக்கப்புறம் ஒங்க அண்ணன் ஒரு வாரம் உளியும் சுத்தியலுமா இங்கதான் கெடந்தாவ," என்றாள் மைனி. "ஒனக்குத் தெரியாதா சபிதா?"

எனக்குத் தெரியாது மைனி.

வேண்டாத சத்தத்தைச் சூடாக்கித் தள்ளுவதுதான் அந்த ரெசிஸ்டரின் வேலை. காய்ச்சல்காரனைக் கம்பளியில் சுற்றியதுபோல் ரெசினில் மூடினால் சூடு எங்கே போகும்? இது எனக்குத் தோன்றவில்லை, சரி. ஆனால் பெப்ரவரியில் தெரிந்துகொண்டவன் நவம்பரில் என்னிடம் என்ன கேட்டான்? நல்லா மூடினியான்னு. எல்லாம் தெரிஞ்சுதானே கேட்டான். கூடப் பொறந்தவன் செய்யுற வேலையா இது?

டிசம்பர் 16

அண்ணனிடம் நேரிலேயே கேட்டேன்.

"தொழில்னு வந்தா அவனவன் பாடு ஏட்டி. செல்வன் வந்து திருவிழாவுக்குக் கேட்டாரு, செய்யுதேன்னு சொன்னேன். நான் செய்யலன்னா குளச்சல்லேருந்து எவனோ ஒருத்தன் வந்து செய்வான்."

"என்னைக்கு வந்து கேட்டாரு?"

"பத்தாம் தேதி."

அதற்குப் பிறகும் இரண்டு தடவை போன் செய்து ரெசிஸ்டரைப் பற்றி அவனிடம் கேட்டிருக்கிறேன். இரண்டு தடவையும் பொறுமையாகப் பதில் சொன்னான். அந்தப் பொறுமைதான் தாங்க முடியவில்லை. கத்தியிருந்தால்கூட ஆறியிருக்கும்.

அம்மாவிடம் சொன்னேன். "அண்ணனும் தங்கச்சியும் இதுக்கா அடிச்சுக்கிடுவிய? கரைல சிரிக்க மாட்டாவளா?" என்கிறாள். சிரிக்கட்டும்.

டிசம்பர் 22

என் பாக்ஸ் ரெசினையெல்லாம் கொத்துகிறேன். செம்புக் கம்பிச் சுருள் இரண்டு உடைந்துவிட்டன, வேறு சுற்ற வேண்டும். ரெசின் தூள் கண்ணெல்லாம்.

டிசம்பர் 25

குடில் பார்க்கப் போகவில்லை.

ஜனவரி 19, 2025

திருவிழாக் கடைசி நாள். அம்மாவுக்காகப் போனேன். தேர் வரும்போது அண்ணனுடைய பாக்ஸில் பாட்டு. கொஞ்சமும் இரைச்சல் இல்லை, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது.

"நல்லாதானே வச்சிருக்கான்?" என்றாள் அம்மா.

நல்லாதான் வச்சிருந்தான். மோசமாக இருந்திருந்தால் வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கியிருப்பேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பக்கமிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டான். நான் தேரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெப்ரவரி 9

குளச்சலில், அண்ணனும் நானும் சேர்ந்திருந்தபோதே எங்களைத் தெரிந்த ஜுனைத்தின் தங்கை ஷஹ்லாவுக்குக் கல்யாணம். என் பாக்ஸ் மட்டும். காலையிலிருந்து சாயங்காலம்வரை ஓடியது. எல்லாம் முடிந்ததும் ஒவ்வொன்றாகப் பின்னால் கை வைத்துப் பார்த்தேன். இளஞ்சூடு, அவ்வளவுதான். வாடையும் இல்லை.

சிரிப்பு வந்துவிட்டது. போனை எடுத்துவிட்டேன். அண்ணன் பெயர்மேல் விரல் போய் நின்ற பிறகுதான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது. இந்த மாதிரிச் சங்கதியைச் சொன்னால் புரிகிற ஆள், எனக்கு இருந்தது அவன் ஒருத்தன்தான்.

அப்போது ஜுனைத் வந்தான். "நோன்பு கழிஞ்சு மாமா வீட்டுலயும் ஒரு கல்யாணம் இருக்குக்கா. அண்ணன்ட்டயும் ஒரு வார்த்த கேக்கணுமா, ஒங்கட்ட சொன்னா போதுமா?"

"எங்கிட்ட சொன்னா போதும்," என்றேன்.

போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கேபிளைச் சுருட்டினேன்.