சிவப்புக் கூரைப் பூங்காவும் வாப்பா நோன்பு திறந்த நேரமும்

அலவத்துகொட,
நோன்பு 22.

அன்பும் மரியாதையும் நிறைந்த வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நாங்கள் மூவரும் சுகமாக நோன்பு பிடித்து வருகிறோம். தங்கச்சி றிப்தா மட்டும் பகல் லுஹர் தொழுகை வரை பிடித்துவிட்டு, அதை முழு நோன்பு என்றே எல்லோரிடமும் சொல்லித் திரிகிறாள். உம்மாவின் இருமல் குறைந்துவிட்டது. இங்கே பின்னேரங்களில் மழை.

போனில் அனுப்பாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போன் உம்மாவிடம் இருக்கிறது. இது நீங்கள் மட்டும் வாசிக்க வேண்டியது.

பாடசாலை நோன்பு விடுமுறைக்கு மூடும் நாளில், நிவேதிகா டீச்சர் சுவர்ப் பத்திரிகைக்கு என்னிடம் ஒரு கட்டுரை கேட்டார். அபுதாபியிலுள்ள ஃபெராரி வேர்ல்ட் பூங்காவைப் பற்றிய சுவையான தகவல்கள். “உங்கட வாப்பா அங்கதானே வேலை செய்யிறார் இல்மா, மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத விசயமெல்லாம் உமக்குக் கிடைக்கும்” என்றார். பெருநாளுக்குப் பிறகு பாடசாலை திறந்ததும் காலைக் கூட்டத்தில் அதை நான் வாசிக்க வேண்டும். ‘என் வாப்பா நேரில் கண்டவை’ என்று தலைப்பும் அவரே தந்துவிட்டார்.

உம்மாவோடு கண்டி நூலகத்துக்குப் போனேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் பஸ் அரை மணித்தியாலம் நின்றது. நூலகத்துக் கணினியில் பார்த்து எட்டுப் பக்கம் குறிப்பெடுத்தேன். அந்தப் பூங்கா யாஸ் தீவில் இருக்கிறது. 2010இல் திறந்திருக்கிறார்கள். பெரும்பகுதி ஒரே சிவப்புக் கூரையின் கீழ்தான். அங்குள்ள ரோலர் கோஸ்டர் பல வருடங்கள் உலகிலேயே வேகமானதாக இருந்தது. ஐந்து செக்கனுக்குள் மணிக்கு 240 கிலோமீற்றர் வேகத்தைத் தொட்டுவிடுமாம். அந்த வேகத்தில் ஒரு சின்னப் பூச்சி மோதினாலும் கண்ணுக்கு ஆபத்து என்பதால், ஏறுகிறவர்கள் எல்லோரும் பாதுகாப்புக் கண்ணாடி போடவேண்டும்.

நீங்கள் அந்த ரோலர் கோஸ்டரில் ஆட்களை ஏற்றி இறக்கும் வேலை என்றுதானே சொல்லியிருந்தீர்கள்? அதனால் அன்றைக்கே கேட்டேன், கண்ணாடியை நீங்களா கொடுப்பீர்கள் என்று. நீங்கள் சிரித்துக்கொண்டு, “என்ன கண்ணாடி மகள், கூலிங் கிளாஸா? அதெல்லாம் அவங்கவங்க கொண்டு வாரது” என்று குரல் பதிவு அனுப்பினீர்கள். நாள் முழுக்க வெயிலில் நிற்பதாகவும் சொன்னீர்கள். வெயிலைப் பற்றி நான் சந்தேகப்படவில்லை. அந்தத் தண்டவாளம் கூரைக்கு வெளியேயும் ஓடுகிறது. ஆனால் கண்ணாடி விசயம் மனதில் முள் மாதிரி நின்றுவிட்டது.

அந்தக் குரல் பதிவை இன்னும் மூன்று தடவை கேட்டேன். நீங்கள் பேசி முடிக்கும் இடத்தில், பின்னால் ஒரு பாட்டு மெல்லிசாகக் கேட்கிறது. நம் வீதியில் பேக்கரிப் பாண் விற்றுக்கொண்டு வரும் ஆட்டோவின் பாட்டு. றிப்தாவிடம் போட்டுக் காட்டினேன். அவள் உடனே வாசலுக்கு ஓடிப்போய்ப் பாண்காரர் வருகிறாரா என்று பார்த்தாள்.

அபுதாபியிலும் அப்படி விற்பார்களாக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன். பிறகு பதினான்காம் நோன்பு வந்தது.

அன்றைக்கு நீங்கள் ஆறேகாலுக்கு எடுத்தீர்கள். வேலை இடத்தில் வீடியோ கூடாது என்று குரல் மட்டும். 6.23க்கு நம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னது. “நான் பேரீத்தம்பழம் எடுத்துட்டன், நீங்களும் தொறங்க” என்றீர்கள். நீங்கள் துஆ ஓதியதும், மென்றதும், தண்ணீர் குடித்ததும் எனக்குக் கேட்டது. வாப்பா, அபுதாபி நேரம் நமக்கு ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. அங்கே அப்போது 4.53. சூரியன் நன்றாக மேலே நின்றிருக்கும்.

உங்கள் உடம்புக்கு ஏதும் வருத்தமோ, நோன்பு விட்டுவிட்டீர்களோ என்று முதலில் பயந்தேன். ஆனால் போன வருடம் காய்ச்சலோடும் விடாமல் பிடித்தவர் நீங்கள். எங்களிடம் எதைச் சொன்னாலும், சூரியன் மறையாமல் நீங்கள் நோன்பு திறக்க மாட்டீர்கள். அப்படியென்றால் நீங்கள் இருக்கும் இடத்தில் சூரியன் மறைந்திருக்கிறது. எங்களுக்கு மறைந்த அதே நேரத்தில்.

உம்மாவிடம் நேர வித்தியாசத்தைச் சொன்னேன். உம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. “கஞ்சி ஆறுது, குடிங்க” என்றார். உம்மாவுக்கும் தெரியும் என்றே நினைக்கிறேன். அல்லது அவரும் என்னைப் போலத் தனியாகக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கூட்டாளி அஸீம் மாமாவின் கடைக்குப் போய், உங்களுக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டும், அபுதாபி விலாசம் தாருங்கள் என்று கேட்டேன். “விலாசம் என்னத்துக்கு புள்ள, கொண்டு வாங்க, நாளைக்குப் பின்னேரமே கெடச்சிரும்” என்றார். சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. “வக்கீல் மாதிரி மொறைக்காதீங்க” என்று எனக்கு ஒரு டொபி தந்தார், நோன்பென்பதையும் மறந்து. ஆகவே இந்த உறையில் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கும்.

உங்களை வழியனுப்ப ஊரே திரண்டதை நான் மறக்கவில்லை. வான் பிடித்துக் கட்டுநாயக்க விமான நிலையம் வரை வந்தோம். உங்கள் தங்கச்சி நஸ்லியா மாமி இன்றைக்கும் கடைக்குக் கடை, “எங்கட நானா உலகத்திலயே பெரிய ரோலர் கோஸ்டர்ல ஈக்கிறார்” என்று சொல்கிறார். அப்படிப் போனவர் சும்மா திரும்பி வந்தால் ஆட்கள் என்ன பேசுவார்கள் என்று எனக்கும் தெரியும். அங்கே என்ன நடந்தது, எதனால் நடந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. கேட்க ஆசைதான். ஆனாலும் கேட்கமாட்டேன்.

கட்டுரைக்குத் தலைப்பை மாற்றிவிட்டேன். நூலகத்தில் வாசித்தவை என்று போட்டிருக்கிறேன். டீச்சர் காரணம் கேட்டால், வாப்பாவுக்கு நேரம் கிடைக்கவில்லை என்று சொல்ல நினைத்தேன். நோன்போடு பொய் வரவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வாப்பா, பெருநாளுக்கு வாருங்கள். பெட்டி வேண்டாம், சொக்லட் வேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரில் இருந்து வருகிற சாதாரண பஸ்ஸில் வந்து இறங்குங்கள். தொழுகைக்கு முன் வந்தால் உங்கள் வெள்ளைச் சாரத்தை நானே அயன் பண்ணித் தருவேன். மாமியோ வேறு யாரோ என்னிடம் வந்து எப்படி, எங்கே, எத்தனை நாள் லீவு என்று கேட்டால், “வாப்பா வந்திருக்கிறார்” என்று மட்டும் சொல்வேன். அது பொய்யில்லையே.

அல்லாஹ் உங்கள் நோன்புகளை ஏற்றுக் கபூல் செய்வானாக. நீங்கள் எங்கே இருந்தாலும், அங்கே உங்களைச் சுகமாக வைப்பானாக.

உங்கள் துஆவையும் உங்களையும் எதிர்பார்த்திருக்கும் மகள்,
இல்மா