கோமு டாக்டரின் ஸ்டியரிங்

பாளையங்கோட்டை
4.8.1996

அன்புள்ள குமரகுருபரனுக்கு,

அம்மா எழுதுவது. போனில் பேசினால் இருவருக்கும் குரல் ஏறிவிடுகிறது. நீயும் எழுதியே பதில் சொல்.

போன வாரம் வண்ணார்பேட்டைத் திருப்பத்தில் நம் மாரிஸ் மைனர் கார் ஒரு பாலத்துச் சுவரில் உரசிவிட்டது. பக்கத்தில் இருந்த அப்பாவுக்கு இடது தோளில் சின்ன அடி. எனக்கு ஒன்றுமில்லை. எல்லாம் அந்த ஸ்டியரிங்கால் வந்தது. நாற்பது வருஷத்துப் பிளாஸ்டிக் வளையம், வெயிலில் வெடித்து உள்ளே இருக்கும் கம்பி தெரிகிறது. திருப்பும்போது பிடி நழுவிவிட்டது.

மேலப்பாளையம் மெக்கானிக் அசன் மைதீன் அதைக் கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். வெடிப்பை அடைத்து, தேய்த்து, புதுக் கறுப்பு அடித்துத் தருவார். வேறு ஸ்டியரிங் வாங்கி மாட்டலாம் என்றார். பொருந்தாத ஒன்றை மாட்டிக்கொண்டு நான் ஓட்டுவதா? வேண்டாம் என்றுவிட்டேன். நவராத்திரிக்கு உன் அத்தை கல்லிடைக்குறிச்சிக்குக் கூப்பிட்டிருக்கிறாள். அதற்குள் வண்டி தயாராகிவிடும்.

சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அம்மா


பூனா
12.8.1996

அன்புள்ள அம்மாவுக்கு,

குமரன் எழுதுவது. சித்தப்பா மகள் விஜயஸ்ரீயிடம் போனில் பேசினேன். அப்பாவுக்குப் பட்டது சின்ன அடி இல்லையாம். காறை எலும்பு முறிந்திருக்கிறதாம். வண்டி உரசவும் இல்லை, நேராகப் போய் மோதியிருக்கிறது. நீங்கள் ஏன் இப்படி எழுதினீர்கள் என்று கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டியது வேறு.

சித்திரையில் நான் வந்திருந்தபோது காபி டம்ளர் உங்கள் கையிலிருந்து இரண்டு தடவை விழுந்தது. எண்ணெய்க் கை என்றீர்கள். இப்போது சேலைக்கு ஊக்கு குத்தக்கூட விஜயஸ்ரீயைக் கூப்பிடுகிறீர்களாம்.

நீங்கள் டாக்டர். வேறொரு அம்மாள் உங்கள் முன்னால் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லியிருந்தால், ஸ்டியரிங்கில் குறை என்று சொல்லி அனுப்பியிருப்பீர்களா? யாரிடமாவது கையைக் காட்டுங்கள். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் அன்பு மகன்
குமரன்


பாளையங்கோட்டை
20.8.1996

அன்புள்ள குமரகுருபரனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இந்தக் கையால் எத்தனை பிள்ளைகளை வெளியே எடுத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஆற்றில் வெள்ளம் வந்த நாளில்கூடக் கொக்கிரகுளம் பாலத்தைத் தாண்டிப் போய்ப் பிரசவம் பார்த்திருக்கிறேன், இதே வண்டியில். என் கையைப் பற்றிப் பூனாவிலிருந்து நீ எழுத வேண்டாம்.

அப்பாவிடமே கேட்டேன். "நீ ஓட்டினா நான் வாரேன்" என்றார். அவருக்கில்லாத பயம் உனக்கு எதற்கு?

அசன் மைதீன்தான் இழுத்தடிக்கிறார். அடைத்த பசை காயவில்லை, காற்றில் ஈரம் என்கிறார். ஆவணியில் மேலப்பாளையத்தில் எங்கிருந்து வந்தது ஈரம்?

அம்மா


பாளையங்கோட்டை
7.9.1996

குமரகுருபரனுக்கு,

இன்று நேரிலேயே மேலப்பாளையம் போனேன். ஸ்டியரிங் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அடைத்த இடமெல்லாம் கல்லாக இறுகி, பெயிண்டுக்கு முன் அடிக்கும் சாம்பல் பிரைமரும் அடித்தாயிற்று. "இன்னும் என்ன காயணும்?" என்று கேட்டேன். அசன் மைதீன் தலையைக் குனிந்துகொண்டார்.

"கோவிச்சுக்கிடாதிய டாக்டரம்மா. பூனாவுல இருந்து தம்பி போன்ல பேசுனாவ. அம்மா கையில குடுத்துராதிய, எப்படியாவது நாளக் கடத்துங்கன்னாவ. நானும் புள்ள பெத்தவந்தான். மாட்டேன்னு சொல்ல முடியல."

நோயாளிக்குத் தெரியாமல் சொந்தக்காரர்களைத் தனியே கூப்பிட்டுப் பேசும் டாக்டர்களை எனக்குப் பிடிக்காது. நான் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. என்னை அந்த நோயாளியாக ஆக்கிவிட்டாய்.

ஸ்டியரிங்கை வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். மிச்சத்தை நானே தேய்த்துக்கொள்வேன். மாட்டுவதற்கு ஊரில் வேறு ஆள் இல்லாமலா போய்விட்டது? தீபாவளிக்கு நீ வர வேண்டாம்.

கோமு


பூனா
14.9.1996

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆமாம், அசன் மைதீனிடம் நான்தான் சொன்னேன். உங்களுக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே சொன்னேன்.

நேற்று போன் பண்ணியபோது நீங்கள் குளித்துக்கொண்டிருந்தீர்கள். "அம்மா வண்டியில ஏற உங்களுக்குப் பயமா இல்லையாப்பா?" என்று அப்பாவிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இருக்குலே. நான் வரலன்னா அவ தனியாப் போயிருவா. அதான் உக்காருதேன்."

இதற்கு மேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

குமரன்


பாளையங்கோட்டை
29.9.1996

அன்புள்ள குமரனுக்கு,

நான் சொல்லச் சொல்ல அப்பா எழுதுகிறார். என் விரல்களில் கட்டு.

உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. அவர் சொன்னதை நீ வார்த்தை மாறாமல் எனக்கு எழுதிவிட்டாய் என்பது இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. பேனா நின்றுவிட்டது. எழுதுங்கள் என்றேன்.

கடிதத்தைப் படித்ததும் நேரே போய் ஸ்டியரிங்கைத் தேய்க்க உட்கார்ந்தேன். உன் மேல் இருந்த கோபத்தில் கை வேகமாக ஓடியது. உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் சிவந்து வந்தது. பிரைமர்தான் கரைகிறது என்று நினைத்தேன். பிரைமர் சாம்பல் நிறம்.

அடைத்த இடம் ஒன்றில் கம்பி முனை மேலே வந்திருக்கிறது. வலது கையில் மூன்று விரல்கள் கிழிந்திருந்தன. எப்போது கிழிந்தது என்று தெரியவில்லை. கொஞ்சம்கூட வலிக்கவில்லை.

கழுவிக் கட்டிக்கொண்டு, அப்பாவைக் கூப்பிட்டு ஓர் ஊக்கைக் கொடுத்தேன். இடது கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டேன். ஒவ்வொரு விரல் நுனியிலும் குத்தச் சொன்னேன். கட்டைவிரலில் சுருக்கென்றது. அடுத்ததற்குக் காத்திருந்தேன்.

"குத்துங்க" என்றேன்.

"குத்தியாச்சு, கோமு."

"அடுத்த விரல்ல?"

"அதுலயும் குத்தியாச்சு."

"இன்னும் அழுத்திக் குத்துங்க."

கண்ணைத் திறந்து பார்த்தேன். ஊக்கை மூடிக்கொண்டிருந்தார்.

"எங்கூட வர இத்தனை நாளும் பயந்துக்கிட்டா வந்திய?" என்று கேட்டேன். "கல்லிடைக்குறிச்சிக்கு பஸ்ல போவோம்" என்றார்.

மறுநாள் அசன் மைதீனை வரவழைத்து ஸ்டியரிங்கைக் கொடுத்துவிட்டேன். பெயிண்ட் அடித்து அவரே மாட்டட்டும். நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவருக்கு வண்டியை விற்றுத் தரச் சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமை நரம்பு டாக்டரைப் பார்க்கப் போகிறேன். அவர் என்ன கேட்பார் என்று தெரியும். என்ன சொல்வார் என்பதும் பாதி தெரியும்.

நீ செய்ததை நான் மன்னிக்கவில்லை. கையைக் காட்டு என்று நீ சொன்னாய், நான் கேட்கவில்லை. அது என் தப்பு. ஆனால் அதற்குப் பிறகு நீ போய்ப் பேச வேண்டியவர் அசன் மைதீன் இல்லை. ரயில் ஏறி வந்து, என் எதிரில் நின்று, சாவியைப் பிடுங்கியிருக்க வேண்டும். நான் கத்தியிருப்பேன். கத்தினால் என்ன?

தீபாவளிக்கு வந்துவிடு.

அம்மா

குமரா, 'மன்னிக்கவில்லை' என்பதை எழுதத்தான் வேண்டுமா என்று கேட்டேன். எழுதுங்கள் என்றாள், எழுதிவிட்டேன். தீபாவளி வரை காத்திருக்காதே. திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் போகிறேன். இனி அவள் பக்கத்தில் இன்னொரு ஆளும் இருந்தால் நல்லது. இந்தக் கடிதம் அதற்குள் வந்து சேராது. ஆனாலும் கிடைத்த அன்றே கிளம்பு.

அப்பா, சிவசைலம்